மண்டபத்தில் ஒரே பந்தி

எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மறியல் செய்து நாங்கள் கைதான அந்த நாளையும் இன்றுவரை நோண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருமங்கலம் போகிற டவுன் பஸ் எங்கள் ஊரில் நிற்காது. கை காட்டினால் டிரைவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். காலேஜ் பிள்ளைகள் அடுத்த ஊர் வரை வெயிலில் நடந்தார்கள். என் மகளும்தான். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் பெண்கள் எல்லோரும் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் தெருவும் வந்தது, காலனியும் வந்தது. யார் முதலில் கூப்பிட்டது என்று பிறகு எவ்வளவோ விசாரித்தேன். ஆளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள்.

போலீஸார் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பெயர், புருஷன் பெயர், ஊர் என்று எழுதிக்கொண்டார்கள். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்ததும் பயம் போய் விசேஷ வீட்டுக் களை வந்துவிட்டது. மத்தியானம் தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். என் பக்கத்தில் காலனிப் பெண் ஒருத்தி, எங்கள் வயலில் நாற்று நட வருகிறவள். பல வருஷப் பழக்கம், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். தன் பங்கு ஊறுகாயை என் பொட்டலத்தில் வைத்தாள்.

"யாத்தே, இம்புட்டு காரமா! இது சோறா, போலீஸ் அடியா?" என்றாள். எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவள்தான் தலையில் தட்டினாள்.

அது எப்படி நடந்தது? மண்டபம் யார் வீடும் இல்லை என்பதாலா? எல்லோரையும் ஒரே தாளில் எழுதியதாலா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுவாரமே பஸ் எங்கள் ஊரில் நின்றது. அவள் மகளும் என் மகளும் ஒரே சீட்டில் போனார்கள்.

அடுத்த மாதம் அவள் வீட்டில் காதுகுத்து. நேரில் வந்து அழைத்தாள். "வந்து ஒரு வாய் சாப்பிடணும்க்கா. அன்னைக்குச் சாப்பிட்டோம்ல, அது மாதிரி. அக்கா சாப்பிடுவாகன்னு எங்க ஆளுககிட்ட அடிச்சுச் சொல்லிருக்கேன்."

போனேன். பந்தியில் எனக்கென்று இலை போட்டு வைத்திருந்தாள். அவள் சொந்தக்காரர்கள் என்னையே பார்த்தார்கள். வாசலில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர், சாப்பிடாமல் கலர் சோடா மட்டும் குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் என்னையே பார்த்தார்கள்.

"இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்றேன். நல்ல பசி எனக்கு. சீ, என்ன பிறவி நான்! லத்தியோடு நின்ற போலீஸுக்கு முன்னால் நடுரோட்டில் உட்கார்ந்தவளுக்கு, கலர் பாட்டிலோடு நின்ற இரண்டு ஆட்களிடம் என்ன பயம்?

அவள் இலையை எடுத்துச் சுருட்டினாள். எனக்கும் ஒரு கலர் உடைத்துக் கொடுத்தாள். வாசல் வரை கூடவே வந்தாள்.

"அடுத்த மறியல் எப்பன்னு சொல்லுங்கக்கா," என்றாள். "அங்க வச்சுச் சேந்து சாப்பிட்டுக்கிருவோம்."