ஆளில்லாத தறியில் ஒரு துடிப்பு

உடலியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய பிறகு, ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பயந்து, செருப்பை விட்டுவிட்டு நடுத்தெருவில் ஓடியிருக்கிறேன். பட்டம் வாங்குவதற்கு முன்னால் ஓடியிருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். நாள் முழுக்க உட்கார்ந்து கைத்தறி நெய்கிறவரின் இதயம் எவ்வளவு உழைக்கிறது என்று அளப்பது எங்கள் வேலை. கருவி இரண்டு துண்டு: மார்பைச் சுற்றிக் கட்டும் ஒரு பெல்ட், அது அனுப்பும் துடிப்பை வாங்கி எண்ணாகக் காட்டும் ஒரு கைக்கடிகாரம். பெல்ட்டின் உள்பக்கத்தை நனைத்துத்தான் கட்ட வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் அதற்கு யார் இதயமும் கேட்காது. கடிகாரம் பெல்ட்டை விட்டு இரண்டு முழம் தள்ளிப் போனாலும் கேட்காது.

நான் ஆரணிக்காரன் என்பதால் ஆள் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் தெருவில் ஒரு நெசவாளி, எனக்கு அண்ணன் முறை, ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு.

"உன் ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் எனக்கு வாணாம் தம்பி. எங்க அப்பாவும் தறிமேலயே சாஞ்சாரு. எங்க அண்ணனும் அதே தறிமேலதான் சாஞ்சாரு. எனக்கும் ரெண்டு வாட்டி கண்ண இருட்டிகினு வந்துச்சி. நான் தறியில உக்காரலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ஆஸ்பத்திரில காட்டலாமேண்ணா."

"அங்க போனா கூடாதுன்னுடுவாங்க. நீன்னா பாத்து சொல்லுவ."

நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "சொல்றேண்ணா" என்றேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதாக ஒரு நினைப்பு.

கடிகாரத்தை அவர் கையில் கட்டிக்கொள்ளவில்லை. அதன் வாரிலுள்ள கொக்கி பட்டு இழையில் மாட்டும் என்று தறிச்சட்டத்து ஆணியில் தொங்கவிட்டார். எண்கள் ஒழுங்காகவே வந்தன. "சூப்பரா இருக்குண்ணா" என்று தினமும் சொல்லிவைத்தேன். அவரும் தினமும் நம்பினார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று விசைத்தறிகள் எல்லாம் நின்றுவிடும். பிறந்ததிலிருந்து காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் நின்றால் ஊர் அமைதியாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இருக்காது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும். லீவு முடிந்ததும் பேராசிரியர் கருவியைக் கேட்பார் என்பதால், அதை வாங்கிவர அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. "அண்ணி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

தறி அறையில் கற்பூரப் புகை இன்னும் கலையவில்லை. பாதி நெய்த சேலையில் சந்தனக் கறை படாமலிருக்க, அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். பார்க்க ஆள் படுத்திருப்பது மாதிரி இருந்தது. கடிகாரம் ஆணியில் தொங்கியது. பெல்ட்டைக் காணோம். தேடிக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றேன். திரையில் அந்தக் குட்டி இதயப் படம் சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எண், அறுபத்திரண்டு.

இரண்டு முழத்துக்குள் யாரோ இருக்கிறார்கள்.

"அண்ணா?"

ஐம்பத்தாறு.

கால் மிதிக்கும் குழிக்குள் அவர் சுருண்டு கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன். குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினேன். மிதிபலகை தட்டுப்பட்டது. அதற்குக் கீழே சில்லென்ற மண். ஆள் இல்லை. எழுந்து பார்த்தால் நாற்பத்தொன்பது. எண் இறங்கிக்கொண்டே இருந்தது, எந்த அவசரமும் இல்லாமல், இருட்டில் பழக்கப்பட்ட படிகளில் ஒருவர் இறங்கிப் போவது மாதிரி. முப்பத்தெட்டு. பிறகு எண் இருந்த இடத்தில் இரண்டு கோடு மட்டும்.

வேட்டி லேசாக உப்பி அடங்கியது. காற்றுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது ஓடினேன்.

பக்கத்து வீடுகளில் பொரி, கடலை கொடுத்துவிட்டு அண்ணனும் அண்ணியும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். எண்ணிக்கை இரண்டு தடவை தவறியது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாப்பா? எனக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லண்ணா. பெல்ட்டு எங்க?"

"அதுவா?" என்றார் அண்ணி. "தறி மரத்துல சுத்தி வெச்சேன். நாடா, அச்சு, கத்திரிக்கோலு, எல்லாத்துக்கும் சந்தனம் பூசி பொட்டு வெச்சோம். இதுவும் தொழில் சாமான்தான? இத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

உள்ளே போய் வேட்டியை விலக்கினார். நெய்த சேலையைச் சுருட்டும் மரத்தின் ஓரத்தில் பெல்ட் இறுகக் கட்டியிருந்தது. அதன் உள்பக்கம் முழுக்கச் சந்தனம். ஈரச் சந்தனம் கருவியை எழுப்பிவிட்டது, காயக் காய அடங்கிவிட்டது என்று இருவருக்கும் விஞ்ஞான விளக்கம் கொடுத்தேன். ஈரம் பட்டால் எண் கண்டபடி தாவுமே தவிர இப்படி வரிசையாக இறங்காது என்று பேராசிரியர் பிற்பாடு சொன்னதை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.

அண்ணன் விளக்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துக்கும் துடிக்குதுன்னு சொல்லுது இது. எனக்கு சூப்பர்னு சொன்னியே, அது எனக்கா, மரத்துக்கா?"

அவர் அன்றிலிருந்து தறியில் உட்காரவில்லை. மறு வாரம் மூவரும் பஸ் ஏறி வேலூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஈசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, கடைசியில் அவர் சொன்னார்: இதயத்தில் கோளாறு இல்லை, வெறும் வயிற்றோடு உட்கார்ந்து மத்தியானம்வரை எழுந்திருக்காமல் நெய்வதால்தான் கண் இருட்டுகிறது, வேளைக்கு எழுந்து சாப்பிட்டால் தாராளமாகத் தறியில் உட்காரலாம்.

திரும்பும் வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது அண்ணன் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"எனக்கு ஒண்ணும் இல்லன்ட்டாரு. சரி. அப்ப அன்னிக்கு அங்க அடிச்சிகினு இருந்து நின்னுச்சே, அது யாருதுப்பா?"

முன் சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருதா இருந்தா இன்னா? அதுவாவது வேளைக்கு எழுந்து சாப்புடுதான்னு கேளுங்க."