ஒரு பட்டை கூடுதல்

என் மாமனார் விட்டுப்போன சொத்து, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றும் அதைவிடப் பழைய வறட்டுக் கௌரவமும். இரண்டையும் என் கணவர் தினமும் துடைத்து வைப்பார். காரின் பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை முறிந்து, அது நொண்டி மாடு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

அப்போது எனக்கு நாலாம் மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்திருந்தன. இதுவாவது தங்க வேண்டுமென்றால் உடம்பு குலுங்கவே கூடாது, மாதாமாதம் வந்து காட்டவும் வேண்டும் என்று வேலூர் லேடி டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸை நினைத்தாலே பயம். காரைச் சரிசெய்வதைத் தவிர வழியில்லை.

ஊரில் மோட்டார் வேலை பார்ப்பவர்கள் கைவிரித்தார்கள். மெட்ராஸில் கேட்டால், சாமான் சீமையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவர் சொல்லி, ஓரிக்கை போகும் வழியில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பாய் ஒருவரின் பட்டறை தெரியவந்தது. இரும்பைக் காய்ச்சித் தானே பட்டை செய்து தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

வேலையைத் தொடங்குமுன் பாய் கேட்டது ஒன்றுதான். வண்டியில் எத்தனை பேர் போவீர்கள்? என் கணவருக்குப் பதில் தெரியும். ஆனால் வீட்டில் மாமியாரின் கட்டளை இருந்தது. "அஞ்சு மாசம் முடியிற வரைக்கும் வெளிய மூச்சு வுடக்கூடாது. கண்ணு பட்டுத்தான் ரெண்டும் போச்சு." கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது அல்லவா. இரண்டு பேர் என்றால் எங்கே, எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதனால் அந்த அம்மா பிள்ளை, "குடும்பத்தோட போவோம் பாய், ஏழெட்டுப் பேரு" என்று சொல்லிவிட்டு வந்தார். அதைத் தன் சாமர்த்தியமாக என்னிடம் சொல்லியும் காட்டினார்.

கார் நிமிர்ந்து வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் வேலூருக்குக் கிளம்பினோம். தாமல் ஏரிக்கரை வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொரு பள்ளமும் நேராக என் இடுப்பில் இறங்கியது. வண்டியைத் திருப்பி, பட்டறைக்கே விடச் சொன்னேன். அங்கே கரி அள்ளுகிறவர்கள் எல்லாரும் கேட்க நானே சொன்னேன்.

"எனக்கு நாலு மாசம் பாய். ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. வண்டி ஏன் இப்படித் தூக்கிப் போடுது?"

பாய் என் கணவரைப் பார்த்தார். "ஏழெட்டுப் பேருன்னு சொன்னீங்களே சார். அதான் ஒரு பட்டை சேத்துப் போட்டேன். பாரம் ஏறினாத்தான் அது வளையும். ரெண்டு பேரு குந்தினா கட்டாந்தரைதான். அம்மாவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெல்லிசா அடிச்சிக் குடுத்திருப்பேனே."

அப்போதே அதைக் கழற்றிவிட்டார். வீடு வரும்வரை கார் அலுங்காமல் வந்தது. ஆனால் அந்த வாரத்திலேயே அதுவும் கலைந்துவிட்டது.

குலுக்கலா, விதியா, எனக்குத் தெரியாது. மாமியாருக்கு மட்டும் தெரிந்திருந்தது. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், "பட்டறையில நாலு ஆம்பளைங்க எதிர்ல சொல்லிக்கினு வந்தா. எப்படிம்மா தங்கும்?"

என் கணவர் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். குழந்தைக்காக அழுத அழுகை ஒருநாள் ஓய்ந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.