மதினி வந்த பிறகு ஆட வேண்டிய ஆட்டம்

கம்ப்யூட்டர் மேசை இடம் மாறியிருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

ரேஷன் கடையிலிருந்து சீனிப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் சன்னலுக்குக் கீழே எப்போதும் நிற்கும் மேசை அங்கே இல்லை. ஒயர்களைப் பிடுங்கி, அடுப்படிக்குப் போகும் வழியில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது நின்ற இடத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது. அந்த இடம் யாருக்கென்று எனக்குத் தெரியும். மாதக்கணக்காக நிலக்கோட்டையில், தாய் வீட்டில் நோயோடு கிடந்த என் மதினியைக் கூப்பிட்டுக்கொள்ள ஒருவழியாக அம்மா சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"விடியக்காலம் முடிஞ்சு போச்சாம்டி," என்றார். "வண்டி வச்சுக் கொண்டு வாராங்க. கூடத்தைக் கூட்டி விடு."

மதினியின் பெயர் தமிழ்ச்செல்வி. என் அண்ணனின் மனைவி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுவதாகவும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் மதினியின் தம்பி கேட்டார். "அக்கா கடைசி வரைக்கும் மஞ்சச் சட்டை, மஞ்சச் சட்டைன்னு எதையோ கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லுச்சு," என்றார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. எழுதுவது பேசுவதை விடச் சுலபமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அண்ணன் வேலைக்காக வெளிநாட்டுக்குப் போய்விட்டார். வடமதுரையில் எங்கள் வீட்டில் அம்மா, மதினி, நான் என்று மூன்று பெண்கள். முகம் பார்த்துப் பேசலாம் என்று திண்டுக்கல்லில் சொல்லி, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணன் வாங்க வைத்தார். இன்டர்நெட் லைன் எங்கள் தெரு வரைக்கும் வரவே இல்லை. மதினி பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார். ஒரு நாள் உறையை எடுத்துத் துடைக்கும்போது, முன்னால் வைத்திருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கால்பந்து விளையாட்டு உள்ளே இருப்பதைப் பார்த்தோம்.

"அம்புட்டுத் தூரத்துல இருக்கிற ஒங்க அண்ணன் மொகம் தெரியும்னாங்க," என்றார் மதினி. "வெள்ளக்காரன் மொகம்தான் தெரியுது."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் பந்தை நாமே உதைக்கலாம். இல்லையென்றால் ஒரு கிளப்புக்கு மேனேஜராக இருந்து பல வருடம் நடத்தலாம். ஆட்களை வாங்குவது, விற்பது, எந்தப் பதினோரு பேர் இறங்குவது என்று சொல்வதுதான் மேனேஜர் வேலை. ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி முடிவைச் சொல்லிவிடும். எங்களுக்குப் பந்தை உதைக்க வரவில்லை. மேனேஜராக இருந்தோம். மதினிதான் மேனேஜர். நான் மவுஸைப் பிடித்துக்கொள்வேன்.

பெரிய கிளப்புகளை எல்லாம் தள்ளிவிட்டு, கிளப்புகளின் தரவரிசையில் மூன்றாவது படியில் கடைசியாகக் கிடந்த ஓர் ஏழை கிளப்பை மதினி எடுத்தார். சட்டை மஞ்சள் நிறம் என்பதுதான் காரணம். "மங்களகரமா இருக்கு," என்றார். ஆட்களின் பெயர் வாயில் நுழையவில்லை. கோல் காப்பவர் வழுக்கை அண்ணன். மற்றவர்களை முதுகில் இருந்த நம்பரால் கூப்பிட்டோம்.

வருடத் தொடக்கத்தில் கிளப் நிர்வாகத்திடமிருந்து ஆங்கிலத்தில் தகவல் வரும். பிளஸ் டூ படித்த மதினி எழுத்துக் கூட்டி வாசிப்பார். கப் வாங்க வேண்டாம், கீழ்ப்படிக்கு இறங்காமல் இருந்தால் போதும் என்று இருக்கும். இறங்கினால் மேனேஜரை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"எறங்காம இருந்தாப் போதுமாம். எந்த மாமியா இம்புட்டுக் கொறச்சலா எதிர்பாப்பா?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "அங்க என்ன மாமியாப் பேச்சு?"

"ஒங்களைச் சொல்லல அத்தை. இது வெள்ளக்கார மாமியா."

அம்மாவும் சிரிப்பார். அப்போது அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

மதினியின் அப்பா நிலக்கோட்டையில் மல்லிகை போட்டிருப்பவர். பஸ்ஸில் வரும் உதிரிப் பூவை மதினி கட்டி எங்கள் தெருவில் கொடுப்பார். ஆட்டம் ஓடும்போதும் கை கட்டிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் திரையில். எதிராளி கோல் போட்டால் நார் இறுகி ஒரு மொட்டு அறுந்து விழும். ஆட்டம் முடிந்த பின் கீழே கிடக்கும் மொட்டுகளைப் பார்த்தே எத்தனை கோலில் தோற்றோம் என்று சொல்லிவிடலாம்.

ஆள் வாங்குவதையும் மதினி பூ மார்க்கெட் போலத்தான் செய்தார். விளையாட்டில் ஆள் வாங்க இத்தனை நாள் என்று ஒரு கெடு உண்டு. கெடு தொடங்கிய உடனே எனக்கு அவசரமாக இருக்கும். மதினி விடமாட்டார்.

"காலைலயே போயி வாங்குறவன் காசு உள்ளவன் புள்ள. நம்ம மார்க்கெட்டு கலையும்போது போவோம். மொட்டு வாயைத் தொறந்திருக்கும், வெல எறங்கியிருக்கும். ஆனா அன்னைக்குப் பொழுதுக்கு வாசம் இருக்கும்ல?"

கடைசி நாளில் யாருக்கும் வேண்டாதவர்கள் எங்களிடம் வந்து சேர்வார்கள். வயதானவர்கள், ஓட முடியாதவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு வருடா வருடம் கடைசி இடத்துக்கு ஓர் இடம் மேலே நின்றோம்.

அப்படி வந்த ஒன்பதாம் நம்பர் எங்களுக்கு நிறைய கோல் போட்டார். திடீரென்று முழங்காலில் அடி, ஆறு மாதம் இறங்க முடியாது என்று திரையில் வந்தது. எங்கள் பக்கம் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். தேறியதும் போய்க் கூட்டி வருவார்கள். மதினியும் அப்படித்தான் நினைத்தார்.

"பாவம், இங்க கெடந்து என்ன செய்யப் போறான்? ஆத்தா வீட்டுக்கு அனுப்பிரு. தேறி வரட்டும்."

ஆளை வெளியே அனுப்பும் பொத்தான் இருந்தது. நிச்சயமா என்று கம்ப்யூட்டர் மறுபடி கேட்டது. நான் ஆம் என்று அழுத்தினேன். விளையாட்டில் ஆறு மாதம் போனது. அவர் வரவில்லை. பிறகு ஒரு நாள் வேறொரு கிளப்பின் நீலச் சட்டையில் எங்களுக்கு எதிராகவே இறங்கி ஒரு கோலும் போட்டார். நான் சிரித்தேன். மதினி முதலில் சிரித்தார், பிறகு பூக் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இங்க வெளிய அனுப்புனா திரும்பி வர வழியே வைக்கல போல," என்றார். "இனிமே அடிபட்டவனை அனுப்பக் கூடாது. எந்திரிக்க முடியாட்டாலும் நம்ம கணக்குலயே கெடக்கட்டும்."

அதன் பிறகு அவர் யாரையும் அப்படி அனுப்பவில்லை.

போன வருடம் மதினிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டியபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். மதினி படுத்திருந்த அறை வீட்டின் பின்பக்கம், மூன்று படி இறங்க வேண்டும். அந்தப் படி ஏற அவரால் முடியவில்லை.

"அத்தை, அந்த மேசையைச் செத்த நகத்திப் போட்டா நான் கூடத்துலயே படுத்துக்குவேன்," என்று கேட்டார். "ஒங்க கண்ணு முன்னாடியே கெடப்பேன்."

"வாரவங்க போறவங்க பாக்குற மாதிரி நோயாளி கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அம்மா. "பொறந்த வீட்ல போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வா தாயி. பெத்தவ பாத்தா தேறும்."

என் அம்மா கெட்டவர் அல்ல. ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். நாலு வருடமாகப் பிள்ளை இல்லை என்பதும் அவர் மனதில் இருந்தது. மதினி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்பதாம் நம்பர் ஞாபகம் வந்தது.

தம்பியோடு பஸ் ஏறும்போது மதினி இரண்டு சேலைதான் எடுத்துக்கொண்டார். "செத்த நாளைக்குத்தான. போயிட்டு வாரேன்," என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் செல்லிலிருந்து கூப்பிடுவார். அந்த வாரம் யாரை இறக்குவது என்று அங்கிருந்தே சொல்வார். நான் அதன்படி ஆடிவிட்டு முடிவைச் சொல்வேன். போனில் நான் மனம் விட்டுப் பேசியது அவரிடம் மட்டும்தான்.

"என்ன வெஞ்சனம் இன்னைக்கு?"

"கத்திரிக்கா."

"எனக்கு உப்பில்லாத கஞ்சி. சரி, எத்தனாவது எடத்துல இருக்கோம்?"

போகப் போக மூச்சு வாங்கியது. பேச்சு குறைந்தது. கிளப்பும் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த வருடத்தில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. ஜெயித்தால் அதே படியில் இருப்போம். இல்லையென்றால் கீழே, மேனேஜர் வெளியே. மதினி பதினோரு பேரையும் சொன்னார்.

"ஆறாம் நம்பர் அடிபட்டுக் கெடக்கான். அவன் பேரு கடைசில அப்படியே இருக்கட்டும். எடுத்துராத. ஆட்டத்தை இப்ப ஆட வேணாம். நான் வந்து ஒக்காந்தப்புறம் ஆடுவோம்."

"எப்ப வருவீங்க மதினி?"

"கூப்பிடாம எப்படிப் புள்ள வாரது? அத்தை ஆள் அனுப்பட்டும். இல்ல, ஒங்க அண்ணன் சொல்லட்டும்."

நான் அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும்டி," என்றார். வெள்ளிக்கிழமை அண்ணன் போனில் வந்தபோது நானே வாங்கிக் கேட்டேன். "அம்மா என்ன சொல்றாங்களோ அதான் ஆத்தா," என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். மறுபடி கேட்டேன். தை பிறக்கட்டும் என்றார் அம்மா. தை பிறந்து முடிந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் மதினி பையை அவிழ்க்காமல் வைத்திருந்தார் என்று அவர் தம்பி இப்போது சொல்கிறார்.

கட்டிக்கொடுத்த பெண்ணின் கடைசிக் காரியம் புருஷன் வீட்டிலிருந்துதான் நடக்க வேண்டும். அதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. செய்தி வந்த உடனே அம்மா மேசையை நகர்த்தினார். மதியத்துக்குள் மதினி வந்துவிட்டார். அவர் அப்பா தினமும் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி அனுப்பும் வேனில் கொண்டு வந்தார்கள். வேன் தளத்தில் மொட்டுகள் நசுங்கி ஒட்டியிருந்தன. சன்னலுக்குக் கீழே, அவர் கேட்ட இடத்தில் கிடத்தினார்கள். முகம் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பொழுது சாயும் முன்பே தூக்கிவிட்டார்கள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை.

மதினி, போகும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னபடி வந்தீர்கள். எங்கள் வீட்டில்தான் யாரும் கூப்பிடவில்லை. இனி எங்கே இருந்தாலும் யாரும் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். கூடம் கழுவி விடப்பட்டுக் காய்ந்திருந்தது. அடுப்படி வழியில் கிடந்த மேசையை நான் இழுத்து வந்தேன். பழைய இடத்தில் போடவில்லை. சன்னலுக்குக் கீழே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் விட்டு, தள்ளிப் போட்டேன். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தார். ஒயர்களைச் செருகினேன். மதினி சொன்ன பதினோரு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். ஆறாம் நம்பரின் பெயர் கடைசியில் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஆட்டத்தைத் தொடங்கினேன்.