தனபால் ஏரிக்கு விடாத மீன்கள்

சனிக்கிழமை காலை கடைத் தொட்டிகளில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது விஜயாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றார். எப்படி என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் அவர் கணவர் தனபால் என் கடையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் தொட்டியை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் சக்கர் மீன் ஒன்று, திரும்பத் திரும்ப மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கியது. "இதுக்குத் தண்ணியில காத்து பத்தல ஓனரே. ஏர் பம்பைப் பாருங்க" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நிறுத்தினார். நான் பம்பைத்தான் பார்த்தேன்.

பெங்களூர் அல்சூரில் என் கடையில் மீன் வாங்கிய பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவியவர். கோலார் தங்கவயல்காரர், அப்பா சுரங்கத்தில் இருந்தவர். தனபால் என்றால் யோசிப்பீர்கள், சக்கர் தனபால் என்றால் உடனே முகம் ஞாபகம் வரும்.

அந்தப் பெயர் வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. சக்கர் மீனை நான் "கிளீனர்" என்று சொல்லித்தான் விற்றேன். விரலளவுக் குட்டி, பாசியைத் தின்று கண்ணாடியைத் துடைத்துவிடும் என்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டுக்குத் தனபாலோடு போனேன். எட்டு கோல்டுஃபிஷ் இருந்த தொட்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. முழங்கை நீளத்துக்கு வளர்ந்த சக்கர் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. செத்ததெல்லாம் விலாவில் தோல் உரிந்திருந்ததாம்.

"இதுக்கு என்னம்மா போட்டீங்க?" என்று தனபால் கேட்டார்.

"ஒண்ணும் போடல. பாசி தின்னுக்கும்னு இவர்தானே சொன்னாரு" என்று டீச்சர் என்னைக் காட்டினார்.

வெளியே வந்ததும் தனபால் சொன்னார்: "வேலைக்காரன்னு சொல்லி வித்தீங்க. வேலைக்காரனுக்கு யாரு தட்டு வப்பாங்க? பசியில அது பக்கத்துல இருக்கிறத நக்கிடுச்சு."

அந்த மீனை ஈரச் சாக்கில் சுற்றி ஸ்ரீராம்புரத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மாடிப்படிக்கு அடியில் சிமென்ட் தொட்டி கட்டி, வேண்டாம் என்றவர்களின் சக்கர்களையெல்லாம் அதில் சேர்த்தார். சுரைக்காயும் வெள்ளரிக்காயும் போட்டார், சுரண்டுவதற்கு மரக்கட்டை போட்டார். "என்ன தனபாலு, முதியோர் இல்லமா?" என்று கிண்டல் செய்தேன். "நீங்க ஊரெல்லாம் பெத்துப் போடுறீங்க, நான் வளக்குறேன்" என்றார்.

ஏன் இப்படி மெனக்கெடுகிறார் என்பது ஒருநாள் காலை அல்சூர் ஏரிக்கரையில்தான் புரிந்தது. மீன் பிடிப்பவர் ஒருவர் கிழிந்த வலையிலிருந்து மூன்று சக்கர்களைப் பிய்த்துக் கரையில் எறிந்துவிட்டுப் போனார். நாங்கள் டீ குடித்துத் திரும்பி வந்தபோதும் மூன்றும் உயிரோடு செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. மேலெல்லாம் முள்ளும் ஓடும். காக்கை வந்து ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"யாரோ பாவம் பாத்து ஒண்ணு ரெண்டு விட்டுருப்பாங்க. கரையில வளை தோண்டி முட்டை வச்சுக்கினே போவும். அப்புறம் வேற மீனு ஒண்ணும் தங்காது" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, "சுரங்கத்த மூடினப்புறம் எங்க ஊர்ல அடியில தண்ணி ஏறிக்கினே இருந்துச்சு ஓனரே. மேல நடக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அன்றுதான் என்னிடம் வாக்கு வாங்கினார்: "எனக்கு ஏதாச்சும் ஆனா, என் மீனுங்க கெரேக்கு மட்டும் போவக் கூடாது." ஏரியை அவர் கன்னடத்தில்தான் சொல்வார். சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் அதற்கு வேலை வரும் என்று நினைக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று விஜயா கேட்டார்: "வீட்டு ஓனரு தொட்டிய இடிக்கச் சொல்றாருண்ணா. மீனுங்கள இன்னா பண்றது?" காரியம் முடியட்டும், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கே எடுத்திருக்கலாம். கடையில் தொட்டி காலியில்லை, ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் வேறு. ஏரியில் விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் டப்பாக்களோடு போனேன். தொட்டியில் மரக்கட்டை மட்டும் கிடந்தது. விஜயாவின் தம்பி ஈரத் தலையோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா உசுரா வளத்த மீனு சார். அவரு பேர்ல புண்ணியமா இருக்கட்டும்னு காலையில காரியத்த முடிச்சிட்டு, கையோட அல்சூர் ஏரியில விட்டுட்டோம்."

"எத்தனை?"

"இருபத்தி மூணு. ஒண்ணுகூட சாவல. தண்ணியத் தொட்டதும் சர்ருன்னு உள்ள போயிடுச்சுங்க."

பின்னால் நின்ற விஜயா, "அவரு சந்தோஷப்படுவாரு இல்லண்ணா?" என்று கேட்டார்.

"படுவாரும்மா" என்றேன். விஜயா போட்ட இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். காற்றே இல்லை, தண்ணீர் தட்டுப் போல இருந்தது. கரையோரமாக ஒரு வட்டம் எழுந்தது. காற்று குடிக்க மேலே வந்ததுதான். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இரண்டு. எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

கடைப் பலகையில் "கிளீனர்" என்ற சொல்லை அழித்துவிட்டேன். குட்டி கேட்டு வருபவர்களிடம், இது எவ்வளவு நீளம் வளரும் என்று கையை விரித்துக் காட்டுகிறேன். பாதிப் பேர் வாங்காமல் போகிறார்கள். கடைக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறேன். வளர்ந்துவிட்டது, வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் தயவுசெய்து அங்கே கொண்டுவாருங்கள். தனபாலிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருக்குக் கொடுத்துக் காப்பாற்றாத ஒரு வாக்கும், விஜயாவிடம் சொன்ன அந்த ஒரு பொய்யும்தான்.

அன்று அவர் பார்த்த மீன் இன்னும் கடையில் இருக்கிறது. பம்ப் புதிது, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் அது மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது.