துப்பாக்கிப் பெட்டியின் திறப்பு

கணக்காளர் அலுவலகங்களில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அது பெரிய உதவி. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து மனைவியின் தமையன் விரலால் காட்டுவார், மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

எங்கள் ஆட்டுப் பண்ணையும் அப்படி வந்ததுதான். நகரத்துக்கு மேற்கே ஒரு மணி நேர ஓட்டம். காணி தனி ஒருவர் பெயரில் இல்லை, குடும்ப ட்ரஸ்டின் பெயரில் இருக்கிறது. ட்ரஸ்டை நடத்துபவர் அந்தத் தமையன், என் மச்சான். ஆடுகளைப் பார்ப்பவன் நான்.

குட்டி போடும் காலத்தில் நரி வரும். ஒரு முறை ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், ஒன்பது குட்டிகளை இழந்தோம். அதன் பிறகுதான் துப்பாக்கி லைசென்சுக்குப் படித்தேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குள் மனைவி கும்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் காருக்குள் இருந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். முதல் தடவை பரீட்சையில் தவறினேன். இரண்டாம் தடவை தேறினேன். என் படம் போட்ட அந்த அட்டை, யாருடைய விரலையும் பார்க்காமல் நான் வாங்கியது.

துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைப் பரிசோதிக்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். பூட்டைத் திறக்கும் திறப்பு எங்கே என்றார். எங்கள் வீட்டில் எல்லாத் திறப்புகளும் சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். மனைவி ஓடிப்போய் எடுத்துவந்து பெருமையோடு நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருக்கும் லைசென்ஸ் இருக்கிறதா?"

இல்லை. அன்றைக்கு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தத் திறப்பு என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

போன வருடம் மச்சான் என்னைப் பரமட்டாவிலுள்ள கணக்காளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கணக்காளர் தமிழ்நாட்டுப் பெண், இளவயது. மேசையில் ஒரு தாள், அதில் மஞ்சள் துண்டு.

"போடு. துவக்கை ட்ரஸ்டுக்கு எழுதிவிடுறம்." மச்சான் சொன்னது என் துப்பாக்கியை.

"ஏன் மச்சான்?"

"அமெரிக்காவில இப்பிடித்தான் செய்யினம், வீடியோவில பார்த்தனான். ட்ரஸ்டில இருக்கிற ஆரும் எடுத்துச் சுடலாம். நாளைக்கு நீ கண்ணை மூடினாலும் அது குடும்பத்துக்குள்ளயே நிக்கும்."

"நான் இன்னும் கண் மூடேல்லையே."

அந்தப் பெண் குனிந்து சிரிப்பை அடக்கினாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் தந்தது.

"தங்கச்சி, இதில என்ன எழுதியிருக்கு? ஒருக்கா வாசியுங்கோ."

மச்சானின் விரல் தாளிலேயே நின்றது. அவள் வாசித்தாள். "துப்பாக்கி ட்ரஸ்டுக்குச் சொந்தம், ஒரு சாவி உங்க மச்சான்கிட்ட இருக்கும்னு போட்டிருக்கு சார். அவர் சொன்னதைத்தான் டைப் பண்ணேன். போலீஸ்ல கேட்டுட்டுப் போடுங்கன்னு அப்பவே சொன்னேன்."

"கேக்கத் தேவையில்லை. லைசென்ஸ் சோதினையில வந்த கேள்வி. லைசென்ஸ் இல்லாத கைக்குத் திறப்புப் போனா என்ர லைசென்ஸ் போயிடும்."

"அஞ்சாம் வகுப்பு எனக்குச் சட்டம் படிப்பிக்குது!" என்றார் மச்சான்.

"ஓம் மச்சான். அஞ்சாம் வகுப்புத்தான். ஆனா சோதினை பாஸ். நீங்களும் எழுதுங்கோ, புத்தகம் தாறன்."

மஞ்சள் துண்டை உரித்து மேசையில் ஒட்டினேன். கையெழுத்துப் போடாமல் எழுந்தேன்.

வாசலில் வைத்து மச்சான் சொன்னார்: "காணியில சுடலாம் எண்டு பொலிசுக்குக் கடிதம் தந்தது நான். அதை நாளைக்கே திருப்பி எடுக்கிறன். பிறகு உன்ர லைசென்சை வைச்சு என்ன செய்வாய், பார்ப்பம்."

அது வெறும் மிரட்டல் இல்லை. தன் காணியில் சுடலாம் என்று யாராவது ஒரு காணிக்காரரின் சம்மதம் இல்லாவிட்டால் என் அட்டைக்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தமையனுக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"பொலிசுக்கு முன்னால நான் பட்ட வெக்கமே காணும், இனி வேண்டாம். அண்ணை கேட்டாலும் திறப்பைக் குடுக்காதேங்கோ."

வேலிக்கு அப்பால் மாடு வளர்க்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இருக்கிறார். ஆறு வருடமாகக் கை மட்டும் காட்டியிருக்கிறேன். கதைத்ததில்லை. அடுத்த நாள் காலை ஒரு வாளி எலுமிச்சம்பழத்தோடு அவர் வாசல் படலைக்குப் போனேன். காருக்குள் பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் மறந்துவிட்டன. நரி, கடிதம், பொலிஸ் என்ற மூன்று சொற்கள்தான் ஆங்கிலத்தில் வாயில் வந்தன. அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் படலையைத் திறந்தார்.

குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்து நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். நான் உடனே மடிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நாலு வரியையும் வாசித்து முடித்தேன். தன் காணியில் நான் நரி சுடலாம் என்று பொலிசுக்கு எழுதியிருந்தார். அதன் பிறகுதான் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வெளியே வந்து மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். அதுவரை நானாக அவருக்கு எடுத்ததில்லை.

"மச்சான், உங்கட கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கோ," என்றேன்.