தை மாதத்தில் ஓடிய சைக்கிள்

ஒஸ்லோவுக்கு வந்ததிலிருந்து பனியைத் திட்டாத ஒரு குளிர்காலம் எனக்கு இருந்ததில்லை. சப்பாத்துக்குள் பனி, பேருந்துத் தரிப்பில் பனி, வேலைக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து கிடந்தபோது வாய்க்குள்ளும் பனி. "இதுவும் ஒரு தேசமோ!" என்று ஓயாமல் புறுபுறுத்த நான், இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மார்கழியில், நகர ஓரத்து ரொம்மனில் எங்கள் மூன்றாம் மாடி யன்னலில் நின்று, "கொஞ்சமாவது கொட்டித் துலையன்" என்று வானத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

காரணம் என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்தவள், நடக்கத் தெரிந்த கையோடு பனியில் சறுக்கவும் தெரிந்துவிட்டது. அவளுடைய வகுப்பில் மற்றத் தாய்மார் எல்லாரும் காலில் ஸ்கீச் சறுக்குப்பலகையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு காட்டுக்குள் போவார்கள். நான் மட்டும் சரிவின் அடியில் தேநீர்ப் போத்தலோடு நடுங்கிக்கொண்டு நிற்பேன். "அம்மா, ஒருக்காலாவது என்னோடை வாங்கோவன்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அந்த வருடக் கோடையில் நல்ல வெயில், எனக்கும் நல்ல மனநிலை. "ஓம், இந்தமுறை வாறன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அவள் விடுவாளா? பள்ளிக்கூடத்தில் நடந்த பழைய சாமான் விற்பனைக்கு இழுத்துக்கொண்டு போய், எனக்கொரு சோடி, தனக்கொரு சோடி ஸ்கீ வாங்க வைத்தாள். அவளுடைய ஸ்கீச் சப்பாத்து அப்போதே காலுக்கு மட்டுமட்டாக இருந்தது. இந்தக் குளிர்காலம் போனால் சப்பாத்தும் உதவாது, என் துணிவும் உதவாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பனிதான் வரவில்லை. மார்கழி முழுக்க மழைத் தூறல். பின்னேரம் மூன்றரைக்கே கரி பூசியது போல இருட்டு. பனி கிடந்த முந்தைய வருடங்களில் அதே நேரத்தில் வெளிச்சம் நிலத்திலிருந்து வரும். ஒரு தெருவிளக்கு எரிந்தாலே முற்றம் முழுக்கத் தெரியும். கார் போகிற சத்தங்கூடப் பஞ்சுக்குள் அமுங்கிவிடும். அதையெல்லாம் ஒருநாளும் நின்று பார்க்காதவள் நான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பனியின் அருமை எனக்கு அந்த இருட்டில்தான் தெரிந்தது. உண்மையாகவே ஏங்கிப்போனேன்.

கடைசியில் கோயிலில் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன், பனி கொட்டினால் சிதறு தேங்காய் அடிக்கிறேன் என்று. கேட்டதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையாருக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்?"

"ஏன் தெரியாது? அவரின்ரை தகப்பனார் இருக்கிறதே கைலாயத்திலைதானே!"



தை பிறந்தும் வழி பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்கீ நாளை நடை போகிற நாளாக மாற்றிவிட்டார்கள். முழங்கால்வரை சேற்றோடு வந்த மகள், நிலத்தில் குந்தியிருந்து ஸ்கீச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்தாள். "அம்மா, விரல் முட்டுது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோடு கோபிப்பது, வானத்தோடா? பனி இல்லாவிட்டால் நிலம் இருக்கிறதுதானே! அந்தச் சனிக்கிழமை விறுவிறென்று கீழே போய், சாமான் அறைக்குள் கிடந்த கணவருடைய சைக்கிளை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பின் கரியரில் ஒரு தலையணையைக் கட்டினேன்.

மகள் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"கதையை விட்டிட்டு ஏறு!"

"இஞ்சை ஆளை ஏத்தி டபிள் ஓடினால் பொலிஸ் மறிக்கும்" என்று கணவர் பல்கனியிலிருந்து கத்தினார்.

"மறிச்சால் மறிக்கட்டும்!"

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமென்று அவளுக்கு எப்படித் தெரியும்? பெற்றோல் இல்லாத யுத்த காலத்தில் முழு யாழ்ப்பாணமும் சைக்கிளில்தான் ஓடியது. தங்கையைப் பின்னாலும் மண்ணெண்ணெய்க் கானை முன்னாலும் வைத்து எதிர்காற்றில் மிதித்தவள் நான். மகள் கண்டதோ, வழுக்குமென்று பயந்து பயந்து அடி வைக்கிற ஒரு தாயைத்தான். தொடக்கத்தில் சைக்கிள் கொஞ்சம் ஆடியது. பிறகு கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. கால்பந்துத் திடலைச் சுற்றி, வீடுகளுக்குப் பின்னால் போகிற காட்டுப்பாதையில் இறக்கினேன். தை மாதத்தில் ஈரமண் மணத்தது. கற்களில் பாசி பச்சைப்பசேலென்று கிடந்தது. வேறு வருடமென்றால் பனிக்குள் அந்தப் பாதையே கண்ணுக்குத் தெரியாது. "ஃபொர்ட்டெரெ, அம்மா! இன்னும் கெதியா!" என்று அவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நோர்வேஜியமும் தமிழுமாய் வேகம் கேட்டுக் கத்தினாள். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கி, ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்து, பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் சாப்பிட்டோம். அதே தேநீர்ப் போத்தல்தான். ஆனால் அன்றைக்கு நான் நடுங்கவில்லை. எவ்வளவு சந்தோசமாக இருந்தேன்! அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையையும் நாங்கள் விடவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, பனி!" என்ற சத்தத்தில் எழும்பினேன். வெளியில் எல்லாம் வெள்ளை. யன்னலோடு ஒட்டி நின்றவளின் முகம் அடுத்த நிமிடமே வாடியது.

"அப்ப எங்கடை சைக்கிள்?"

"பிள்ளையார் பாவம்" என்றார் கணவர். "தாயும் மகளுமாய் அவரைப் போட்டுக் குழப்பியடிக்கிறியள்."

ஆனாலும் சொன்ன சொல் சொல்தான். ஸ்கீயைக் கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள சின்னச் சரிவில் விழுந்தேன், எழும்பினேன், திரும்பவும் விழுந்தேன். மல்லாக்கக் கிடந்தபோதுதான் கண்டேன்: அவள் தடித்த காலுறையை விட்டுவிட்டு, கோடைக்குப் போடுகிற மெல்லிய காலுறையைப் போட்டிருந்தாள்.

"பிள்ளை, விரல் முட்டுதோ?"

"ஓம், முட்டுதுதான்" என்று கையை நீட்டினாள். "கதையை விட்டிட்டு எழும்புங்கோ!"