ஜன்னலுக்கு மேல் ஒரு சுவர்

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்துக் கொடுப்பாள். நாள் முழுக்க அடுத்தவர் பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், வீட்டில் தன் பல்லை அதிகம் காட்டமாட்டாள். சிரிக்கத் தெரியாதவள் இல்லை. கோபம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

கோபத்துக்குக் காரணம் தேடி வெளியே போக வேண்டியதும் இல்லை. கணவர் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, மீதி நேரமெல்லாம் ரயில் பைத்தியம். பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். மகள் கல்யாணமாகிப் போனாள். அவள் கட்டில் வெளியே போன சாயங்காலமே பலகையும் தண்டவாளமும் அந்த அறைக்குள் வந்துவிட்டன. எதிர்த்த வீட்டு எலக்ட்ரீஷியன் வேறு இதற்கு உடந்தை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் சிக்னல் விளக்கோடு குடித்தனம் நடத்துவார்கள்.

பலகையில் ஜன்னலோரத்து மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதை அவள் தலையில் கட்டினார். "சும்மா ஒரு மேடு, ரெண்டு மரம் போதும்மா. பிளாஸ்டர்தான் உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே."

போங்க, வேற வேலை இல்லையா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சரி என்று வந்துவிட்டது.

எதையும் எடுத்தவுடன் ஒட்டக் கூடாது, முதலில் அட்டையில் வெட்டி நிறுத்தி, நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் பாடம் நடத்தினார். அப்படியே செய்தாள். மேடும் வரவில்லை, மரமும் வரவில்லை. ஓட்டு வீடுகள் ஒரு வரிசையாக வந்தன. முன்வாசல் அறையைப் பார்த்து, கொல்லைப்புறம் தண்டவாளத்தைப் பார்த்து. ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு துவைக்கிற கல், ஒரு கொடிக்கயிறு, அடிப்பக்கம் உளுத்த ஒரு கதவு. யோசித்துச் செய்த மாதிரியே இல்லை, கை தானாகப் போனது. கடைசியில் கொல்லைகளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நீளமாக ஒரு சுவர் நிறுத்தினாள். வண்டி அந்த மூலைக்கு வந்ததும் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"என்னம்மா இது? ஓடுற வண்டியைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு! அதைப் போய் மறைக்கிறியே."

"மறையட்டும்."

"கொஞ்சம் குறைச்சுக்கோயேன்."

"குறைக்க மாட்டேன். என் மூலைன்னு குடுத்தீங்க இல்ல? கையை வைக்காதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒரு பல் செட் முடிக்க வேண்டியிருந்ததால் வேலைக்குப் போனாள். மதியம் திரும்பி வந்து பார்த்தால், சுவர் பாதியாக நின்றது. பிளேடால் கோடு பிடித்த மாதிரி அறுத்திருந்தார்கள். வண்டி சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப பாரு, எவ்வளவு நல்லா தெரியுது!" என்றார் கணவர், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் எலக்ட்ரீஷியன் முந்திக்கொண்டான். "அண்ணி, வீட்டு முன்பக்கத்தை விட்டுட்டு கொல்லைக்கு ஏன் இவ்வளவு வேலை? யார் பார்க்கப் போறா?"

"ஏன் பார்க்க மாட்டாங்க?" கணவர் சிரித்தார். "நான் காலேஜுக்கு ரயில்லதானே போவேன். ஜங்ஷனுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வரிசை வரும். ஒரு வீட்டுல படுக்கை விரிப்பைத் திரையா கட்டிக்கிட்டு ஒரு அம்மா குளிப்பாங்க. வண்டி போற வேகத்துல காத்து அந்த விரிப்பை அப்படியே தூக்கிடும். அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு தினம் அடிதடி!"

எலக்ட்ரீஷியனும் சிரித்தான்.

"என்ன விரிப்பு?" என்று கேட்டாள்.

"ஆ?"

"என்ன கலர்னு கேட்கிறேன்."

"நீலக் கட்டம் போட்டது... ஏன்?"

"அது எங்க அம்மா."

எலக்ட்ரீஷியன் வண்டியை நிறுத்தினான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டான்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு என்று மட்டும் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தாள். கொடுத்து வைத்தவள் என்று அவர் பொறாமைப்பட்டார். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வீட்டில் குளியலறை கிடையாது. இருட்டிய பிறகு குளிக்கலாமென்றால் அம்மாவுக்கு ராத்திரி வேலை, விடிந்துதான் வருவாள். கொல்லையில் ஒரு கையால் குளித்து மறு கையால் விரிப்பைப் பிடித்துக்கொள்வாள். பாதையைச் சோதிக்க வருகிற அதிகாரி ஒவ்வொருவரையும் மறித்து, "ஒரு சுவர் எழுப்பிக் குடுங்கய்யா" என்று கேட்பாள். சுவர் கட்டினால் வண்டி ஓட்டுகிறவருக்கு சிக்னல் மறையும் என்பார்கள். கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் கணவர்.

"தெரிஞ்சிருந்தா? என் அம்மான்னா தலையைத் திருப்பியிருப்பீங்க. வேற யாரோ அம்மான்னா பார்க்கலாமா?"

"வயசு அப்படி..."

"வயசு மேல பழி போடாதீங்க. இன்னிக்கும் சிரிச்சீங்களே, இந்த வயசுலயா?"

அவர் அட்டைக் கட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் அறுபட்ட சுவரைப் பிடுங்கிப் போட்டாள். இருந்ததிலேயே உயரமான ரயில் பெட்டியைத் தண்டவாளத்தில் நிறுத்தி, புதிய அட்டையை வெட்டி நட்டாள்.

பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் இடம் உண்டு. அவர் கேட்காமலேயே அங்கே போய் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்து, பெட்டியின் ஜன்னல் வழியே பார்த்தார்.

"தெரியுது," என்றார்.

எடுத்துவிட்டு இன்னும் உயரமாக ஒன்று நட்டாள்.

"இப்ப தெரியலை."

"எழுந்திருங்க."

"தெரியலைங்கிறேனே."

"நீங்க சொன்னா நான் நம்பணுமா? எழுந்திருங்க!"

அவர் எழுந்து நகர்ந்தார். அவள் அங்கே மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தாள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், வண்டிக்குள்ளிருந்து அதைப் பார்த்ததே இல்லை. சுவருக்கு மேலே கொடிக்கயிறு தெரிந்தது. கதவின் மேல்பாதி தெரிந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றால் தோள் வரைக்கும் தெரியும். அம்மா கட்டிய விரிப்பு, இந்த உயரத்திலிருந்து பார்த்தால் எதற்கும் உதவியிருக்காது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"இன்னொரு அட்டை குடுங்க," என்றாள்.

அவர் நீட்டியதை வாங்கிக்கொண்டாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.